காளீஸ்வரி மலைக்குப் போன திங்கட்கிழமை

பொட்டலத்தில் இருந்தது மூன்று ரவிக்கை. அதற்கு மேல் ஒரு நூல்துண்டுகூடக் கிடையாது. எதிர்வீட்டுக் கருத்தம்மா அதைப் பிரித்துப் பார்த்தாளா என்ன? மாடியில் காயப்போட்ட வத்தலை அள்ளிக்கொண்டிருந்தவள், ஜீப்பு ஓட்டுகிற ஸ்டான்லி தெருமுக்கில் நின்று காளீஸ்வரியின் கையில் ஒரு மஞ்சள் பையைக் கொடுத்ததைப் பார்த்தாள். பார்த்தது அவ்வளவுதான். மிச்சத்தை அவள் வாய் பார்த்துக்கொண்டது. சனிக்கிழமை சாயந்திரம் பை கைமாறியதாம். திங்கட்கிழமை விடியுமுன் ஆளே போய்விட்டாளாம். கொழுந்தன் கல்யாணத்துக்குப் போட்ட பந்தலைக்கூடப் பிரிக்கவில்லை, சம்பந்தி வீட்டார் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறார்கள், மூத்த மருமகள் ஜீப்புக்காரனோடு கிளம்பிவிட்டாளாம். குழாயடியில் ஆரம்பித்த பேச்சு மீன்கடை வரைக்கும் போயிற்று.

ஸ்டான்லிக்கு அறுபது வயது. பேத்தி எடுத்த மனிதர். அவரோடு போனாள் என்றால், அந்த ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த மற்றப் பன்னிரண்டு பெண்களும் அவரோடுதான் போனார்கள். அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

பேசுகிறவர்களுக்கு அந்த மூன்று நாளும் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று தெரியாது. தெரிந்துகொள்கிற ஆசையும் கிடையாது. தெரிந்துவிட்டால் பேச ஒன்றும் மிஞ்சாதே.

காளீஸ்வரி பொட்டிபுரத்துப் பெண். ஜக்கையனைக் கட்டிக்கொண்டு போடிக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. ஜக்கையன் கெட்டவன் இல்லை. ராசிங்காபுரத்துப் பக்கம் குத்தகைக்கு எடுத்த தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு, தானுண்டு தன் சோலியுண்டு என்று இருக்கிறவன். ஆனால் ஆத்தாளும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் ஏதாவது கேட்டால் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்ப்பான். அவன் தம்பி அன்புச்செல்வன், இவள் அந்த வீட்டுக்கு வந்தபோது ஏழாம் வகுப்பு. அவனுக்குத் தலை சீவிவிட்டதும் சோறு கட்டிக் கொடுத்ததும் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்ததும் இவள்தான். இப்போது அவன் கோயம்புத்தூரில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போகிறான்.

தோப்பில் மழை தப்பிப்போன வருஷம் காளீஸ்வரி மலைக்குப் போக ஆரம்பித்தாள். எட்டு வருஷமாகிறது. இருட்டோடு எழுந்து சோற்றைக் கட்டிக்கொண்டு ஐந்தரைக்கு ஸ்டான்லியின் ஜீப்பில் ஏறினால் போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டம். ஏலக்காயை ஏதோ மரத்தில் நின்றபடி பறிக்கிற காய் என்று ஊருக்குள் இருப்பவர்களில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். அது செடியின் தூரில், தரையோடு ஓடுகிற சரத்தில் காய்ப்பது. நாள் முழுக்கக் குத்தவைத்து, நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். மழைக்காலம் என்றால் ரத்தம் உறிஞ்சுகிற அட்டை காலில் மட்டுமா ஏறும். எட்டு வருஷத்தில் அவளுடைய வலது முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. மடக்கினால் நிமிர்த்த முடியாது, நிமிர்த்தினால் மடக்க முடியாது.

காயை உலர்த்தி வைக்கிற தோட்டத்து ஸ்டோரில் ஒரு மேசை வேலை உண்டு. உலர்ந்த காயைக் கொட்டி, பருமனானது, நடுத்தரம், வெடித்தது என்று பிரிக்கிற வேலை. நாற்காலியில் உட்கார்ந்து செய்யலாம். கோடையில் தோட்ட வேலை சுருங்கி, மூன்று ஜீப்பு போன இடத்தில் ஒரு ஜீப்பு போகிற காலத்திலும் அந்த மேசைக்கு வேலை இருக்கும். பன்னிரண்டே பேருக்கு இடம். யாராவது வேலையை விட்டு நின்றால்தான் இன்னொருத்தி உட்கார முடியும். அவ்வப்போது ஆள் குறைகிற நாளில் காளீஸ்வரியைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். மறுநாள் மறுபடியும் செடியின் அடிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நாற்காலிக்காக இரண்டு வருஷம் காத்திருந்தாள். இந்த வைகாசியில் ஒருத்தி மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தாள். இடம் விழுந்தது. ஜீப்புக்கு ஆள் சேர்க்கிற ஜெயபாக்கியம் வீடு தேடி வந்து சொன்னாள்.

“திங்கக்கெழம காலையில மேனேஜரு ஆளப் பாத்துத்தான் பேரு எழுதுவாரு. ஒனக்குன்னு நான் சொல்லி வைக்க முடியாது காளீசு. அங்க நிக்கிறவளுக்குத்தான் எடம்.”

“நிப்பேன்க்கா.”

“ஞாயித்துக்கெழம ஒங்கூட்டுக் கல்யாணம்ல?”

“ஞாயித்துக்கெழமயோட முடிஞ்சிருதுல்ல. திங்கக்கெழம நிப்பேன்.”

இதெல்லாம் மாமியார் அன்னக்கொடிக்குத் தெரியும். மருமகள் மலைக்குப் போவதில் அன்னக்கொடிக்குக் குறை கிடையாது. எட்டு வருஷமாக அதில் அந்த வீடு சாப்பிட்டது. அது வெளியே தெரிவதில்தான் குறை. தேவாரத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் அருணாவின் பெரியம்மா, மூத்த மருமகள் என்ன செய்கிறாள் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள். அவர்களுக்குக் கம்பத்தில் ஏலக்காய்க் கடை. வசதியான வீடு. அன்னக்கொடி கொஞ்சமும் யோசிக்காமல், வீட்டோடு மிஷின் போட்டுத் துணி தைக்கிறாள் என்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் மிஷின் கிடையாது. பக்கத்தில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்த காளீஸ்வரிக்கு ஊசியில் நூல் கோப்பதற்கே பக்கத்து வீட்டுப் பிள்ளை வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் பந்தக்கால் நட்டார்கள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நடுகிற அன்றைக்குக் காலின் அடியில் பால் ஊற்றுவது மூத்த மருமகள். பிடுங்குகிற அன்றைக்கும் அவளே ஊற்ற வேண்டும். நடுவில் அவள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மலை ஏறவே கூடாது. இது தெரிந்துதான் காளீஸ்வரி பால் சொம்பைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டாள்.

“ஊத்துறேன்த்தே. ஆனா ஞாயித்துக்கெழம சாயந்திரம் பொண்ணு வீட்டுக்குள்ள வந்ததும் காலப் பிடுங்கிரணும். திங்கக்கெழம எனக்கு ஜீப்பு.”

“சரித்தா, பிடுங்கிருவோம். மொதல்ல ஊத்து, நல்ல நேரம் போகுது.”

நாலு பேர் கேட்கச் சொன்ன வார்த்தை. கருத்தம்மாவும்தான் அங்கே குலவை போட்டுக்கொண்டு நின்றாள். ஸ்டான்லியின் மஞ்சள் பை ஞாபகம் இருக்கிறவளுக்கு இது மட்டும் மறந்துபோயிற்று.

அன்றைக்கு மதியத்தில் இருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ராசிங்காபுரத்தில் இருந்து ஒரு வேன், பொட்டிபுரத்தில் இருந்து இரண்டு ஆட்டோ, பஸ்சில் வந்தவர்கள் தனி. இந்த வருஷம் மாங்காய் விளைச்சல் கொட்டிக் கிடந்ததால் வீட்டுக்கு ஒரு சாக்கு மாம்பழத்தோடு வந்தார்கள். ஏழு சாக்கு. வெயிலுக்கு அது பழுத்துப் பிளந்து, வீடெல்லாம் ஈ. அதை அரியவும் அவள்தான், தோலை அள்ளிப் போடவும் அவள்தான். பாய் எங்கே, வெந்நீர் எங்கே, பாத்ரூம் தாழ்ப்பாள் விழவில்லையே, எனக்குச் சீனி போடாத காப்பி, பிள்ளைக்குப் பால் சூடாறிவிட்டது என்று காளீஸ்வரி காளீஸ்வரி என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களில் ஒருவராவது, உட்கார் தாயி, நான் செய்கிறேன் என்று எழுந்தார்களா என்றால் இல்லை. நடுவில் மாப்பிள்ளைக்காரன் வந்து, மதினி, என் சார்ஜரைப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டுப் போனான். அதற்குள் கரண்டு போயிற்று. தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது. தெருக்குழாயில் இருந்து முப்பது குடம் அந்த முழங்காலோடு சுமந்தாள்.

சனிக்கிழமை காலையில் பெண் வீட்டார் மண்டபத்தில் வந்து இறங்கினார்கள். பதினோரு மணிக்கு அங்கிருந்து ஒரு பெண் மூன்று ரவிக்கைகளோடு வந்து நின்றாள். பெரியம்மாவுடையது ஒன்று, அருணாவின் அக்காக்களுடையது இரண்டு. கை லூசாக இருக்கிறதாம். வீட்டிலேயே தையல்காரி இருக்கையில் கடைக்கு எதற்கு என்று கொடுத்து அனுப்பினார்களாம். சாயந்திரம் நிச்சயதார்த்தத்துக்கு உடுத்த வேண்டுமாம்.

காளீஸ்வரி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் முறுக்குச் சட்டியைப் பார்த்தாள்.

“பிரிச்சு ரெண்டு தையல் போடுறதுதானத்தா. என்னமோ மலையப் பொரட்டச் சொன்ன மாதிரி நிக்கிற.”

“மலையக்கூடப் பொரட்டிருவேன்த்தே. இத என்ன பண்ண?”

“மெதுவாப் பேசு. அந்தப் பிள்ள நிக்கிது.”

உச்சி வெயிலில் ரவிக்கையைச் சுருட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனாள். முகூர்த்தத்துக்கு முந்தின நாளில் எந்தத் தையல்காரன் நிமிர்ந்து பார்ப்பான்? நாலு கடை ஏறினாள். நாலு பேரும் திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். கடைசியில் ஸ்டான்லியின் மகள் ஷாரோன் வீட்டில் தைப்பது ஞாபகம் வந்து, ஸ்டான்லிக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள். ஷாரோன் மறுநாள் சர்ச்சுக்கு உடுத்த வேண்டிய தன் உடுப்பை ஓரமாக வைத்துவிட்டு இதை முடித்துக் கொடுத்தாள். ஸ்டான்லி அதைக் கொண்டுவந்து தெருமுக்கில் கொடுத்தார். வீட்டு வாசலில் கொடுத்தால் வந்துபோகிற சம்பந்தி வீட்டார் கண்ணில் பட்டுவிடும் என்று அன்னக்கொடிதான் தெருமுக்குக்குப் போகச் சொன்னாள். கருத்தம்மா பார்த்த பொட்டலத்தின் கதை இதுதான்.

அன்று சாயந்திரம் மண்டபத்தில் பெரியம்மா கையைத் தூக்கிக் காட்டி, ஒங்க மருமக தையல் என்ன நறுவிசு என்று பாராட்டினாள். அன்னக்கொடி சிரித்து வாங்கிக்கொண்டாள். புதுப்பெண்ணுக்கு இனிமேல் வெளியே தைக்கக் கொடுக்க வேண்டியதே இல்லை என்று வேறு சொல்லி வைத்தாள். பிறகு மருதாணி வைக்க வந்த பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, காளீஸ்வரியின் விரல் நுனியெல்லாம் இடைவெளி விடாமல் அடைத்து வைக்கச் சொன்னாள். ஏலக்காய் எடுத்து எடுத்து ஏறிய கறை அது, சோப்புக்குப் போகாது. கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு ஆத்திரமாக வந்தது. விடிந்தால் கல்யாணம், நாளை மறுநாள் ஜீப்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டுகிற நேரத்தில் அவள் மணவறைப் பக்கம் இல்லை. பந்தியில் தண்ணீர் கேன் வரவில்லை என்று அனுப்பியிருந்தார்கள். கெட்டிமேளம் கேட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்து, அட்சதை தரையில் கிடந்தது. தலை சீவி வளர்த்த பிள்ளை. ஒரு அரிசி அவளால் போட முடியவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

நாலு மணிக்குப் பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பாலும் பழமும் கொடுத்தாயிற்று. சீர்த்தட்டுகளைக் கூடத்தில் பாய் விரித்துப் பரப்பினார்கள். பெண் வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். காளீஸ்வரியும் மூன்று நாளில் முதல் தடவையாகச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு தட்டு நிறைய ஏலக்காய். பெரியம்மா கடையில் இருந்து வந்தது. பெரியம்மா அந்த வெயிலைப் பற்றியும் மண்டபத்துச் சாம்பாரைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தாள். காளீஸ்வரி ஊம் கொட்டிக்கொண்டிருந்தாள். கண் பெரியம்மாவின் முகத்தில்தான் இருந்தது. கை மட்டும் தட்டில் இருந்தது. அது அங்கே என்ன செய்கிறது என்று அவளுக்கே தெரியாது.

பெரியம்மா பேச்சைப் பாதியில் நிறுத்தினாள்.

“ஏம்மா, நீ எந்த ஸ்டோர்ல இருக்க?”

காளீஸ்வரி குனிந்து பார்த்தாள். தட்டில் இருந்த ஏலக்காய் மூன்று குவியலாகக் கிடந்தது. பருமனானது ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம், வெடித்தது ஓரமாக.

“எங்க கடையில பதினாலு பொண்ணுக தரம் பிரிக்கிறாக. இந்தக் கை எனக்குத் தெரியாதா? பாக்காமயே பிரிக்கிறியே.”

“தையக்காரின்னுல்ல சொன்னாக?” என்றாள் அருணாவின் அக்கா.

மூன்று நாள் அலுப்பு, மூன்று நாள் ஆத்திரம். இதற்கு மேல் ஒரு பொய்யைத் தேடி எடுக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

“தையல் தெரியாதுங்க. எட்டு வருசமா மலைக்குப் போறேன். ரவிக்கை ஷாரோன்னு ஒரு பிள்ள தச்சது. நல்லாத் தைப்பா, வேணும்னா நம்பர் தர்றேன்.”

பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல கை என்று சொன்னாள். இன்னொரு காப்பி கேட்டாள். அவ்வளவுதான் நடந்தது. சம்பந்தி வீட்டாரை அவமானப்படுத்தினாள் என்று தெருவில் சொல்கிறார்களே, அந்த அவமானம் இதுதான். அவர்கள் அதை அந்தக் காப்பியோடு மறந்துவிட்டார்கள். மறக்காதவள் அடுக்களை வாசலில் டம்ளர் தட்டோடு நின்ற அன்னக்கொடி ஒருத்திதான்.

வெயில் இறங்கியதும் காளீஸ்வரி சொம்பில் பாலை எடுத்துக்கொண்டு வந்து, பந்தக்காலைப் பிடுங்கிவிடலாம் என்றாள்.

“இன்னைக்கு வேணாம். புதங்கெழமதான் நாளு நல்லாருக்கு.”

“வெள்ளிக்கெழம சரின்னு சொன்னீகளேத்தே.”

“வெள்ளிக்கெழம சொன்னேன். இன்னைக்கு நீ என் மானத்தத் தட்டுல கொட்டி மூணு கூறாப் பிரிச்சிட்டியே. ஒனக்கு மலையும் வேணாம், ஸ்டோரும் வேணாம். புதங்கெழம வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது. மீறிப் போனா வந்த பிள்ளைக்குத்தான் ஆகாது, பாத்துக்க.”

காளீஸ்வரி புருஷனைப் பார்த்தாள். ஜக்கையன் ஃபேனைப் பார்த்தான். கரண்டு இல்லாமல் அது சுற்றவும் இல்லை. அப்படியும் அதைத்தான் பார்த்தான். பட்டுவேட்டியை மாற்றிக்கொண்டு வந்த அன்புச்செல்வன் நடுவில் புகுந்து, “ரெண்டு நாளுதான மதினி, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க” என்றான். கம்பெனியில் லீவு சொல்லிப் பழகியவன்.

“ரெண்டு நாளு இல்லப்பா. ரெண்டு வருசம்.”

அவனுக்கு அது புரியவில்லை. சொம்புப் பாலைக் கொண்டுபோய்க் காப்பிச் சட்டியில் ஊற்றினாள். ராத்திரி அங்கேயே தங்குகிற சம்பந்தி வீட்டாருக்கு மறுநாள் கறி விருந்து. இருட்டுவதற்கு முன்னால் அதற்கு மசாலா அரைத்தாள்.

வீட்டைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டுப் போனாள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. திங்கட்கிழமை நாலரைக்கு எழுந்தவள் முப்பது பேருக்கு இட்லி மாவைக் கலக்கி வைத்தாள். தொட்டியை நிறைத்தாள். பாலைக் காய்ச்சி மூடினாள். அதற்குப் பிறகுதான் தன் பையை எடுத்தாள். பையில் இருந்தது சேலைக்கு மேலே மாட்டிக்கொள்கிற பழைய சட்டை, மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் காகிதம், சோறு, ஜீப்புப் பெண்களுக்குக் கொஞ்சம் கல்யாண லட்டு. துணிமணி எடுத்துக்கொண்டு போனாள் என்கிறவர்கள் அந்தச் சட்டையைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

கொல்லைப்புறத்தில் புதுப்பெண் அருணா வாளி தேடிக்கொண்டு நின்றாள். ஓட்டை இல்லாத வாளியை எடுத்துக் கொடுத்துவிட்டு, காளீஸ்வரி நேராகவே கேட்டாள்.

“நான் இன்னைக்கு மலைக்குப் போனா ஒனக்கு ஆகாதுன்னு சொல்றாக. ஒனக்கு எப்படித் தோணுது?”

அந்தப் பெண் தூக்கக் கலக்கத்தில் விழித்தது. “எங்க பெரியப்பா ஏலக்கா வாங்க மலைக்குப் போகாத நாளே கெடையாதேக்கா. எங்க வீட்டுல அதுக்குள்ள அஞ்சு கல்யாணம் ஆயிருச்சு.” சொல்லிவிட்டு, வெந்நீர் அடுப்பை எப்படிப் பற்ற வைப்பது என்று கேட்டது. அதையும் பற்ற வைத்துக் கொடுத்தாள்.

முன்வாசலில் பந்தக்கால் நின்றது. அதன் பக்கத்தில் வாசற்படியை மறித்து அன்னக்கொடி உட்கார்ந்திருந்தாள். எப்போது எழுந்து வந்தாளோ. உள்ளே சம்பந்தி வீட்டார் தூங்குவதால் இரண்டு பேருக்கும் சத்தம் போட வழியில்லை. கிசுகிசுவென்றுதான் சண்டை நடந்தது.

“இதத் தாண்டிப் போனீன்னா திரும்பி வராத.”

“வராம எங்க போவேன்த்தே? நீங்க சொன்ன வார்த்தைய நீங்க காப்பாத்தல. நான் ஜெயபாக்கியத்துக்கிட்ட நிக்கிறேன்னு சொல்லிருக்கேன்.”

“என் பேச்சுக்கு மரியாத இல்லையா?”

“இருந்துச்சு. மூணு ரவிக்கைக்கு வெயில்ல அலைஞ்சேனே, அது ஒங்க பேச்சுக்குத்தான்.” தெருமுக்கில் ஜீப்பு ஹாரன் கேட்டது. ஸ்டான்லி மூன்று தடவைதான் அடிப்பார். அப்புறம் யாருக்காகவும் நிற்க மாட்டார். “கறிக்கு மசால் அரைச்சு மூடி வச்சிருக்கேன். அந்தப் பழைய குக்கர நாலு விசிலுக்கு மேல விடாதீக. வழி விடுங்கத்தே.”

அன்னக்கொடி வழி விடவில்லை. காளீஸ்வரி மடங்காத காலைக் கையால் தூக்கி, மாமியாரின் மடியில் பட்டுவிடாமல் ஓரமாக வைத்து, படியைத் தாண்டி இறங்கினாள்.

வாசலில் விருந்தாளிகளின் செருப்பு ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தது. குனிந்து கிளறினாள்; அவளுடையது அகப்படவில்லை. இரண்டாவது ஹாரன் கேட்டது. ஜக்கையனின் ரப்பர் செருப்பு மட்டும் தனியாக, பெரிதாகக் கிடந்தது. அதை மாட்டிக்கொண்டாள். பின்னால் இருந்து அன்னக்கொடி ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. எதிர்வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது. பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நொண்டி நொண்டித் தெரு நடுவில் ஓடினாள். செருப்பு இரண்டு தடவை கழன்றது. இரண்டு தடவையும் நின்று மாட்டிக்கொண்டு ஓடினாள். மூன்றாவது ஹாரன் அடிப்பதற்குள் ஜெயபாக்கியம் ஜீப்பின் பின்பக்கத்தில் இருந்து கையை நீட்டினாள்.